தேதி இல்லாத நிறுத்திவைப்பு

திருச்சி புத்தூர் நால்ரோட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலும், காவிரி தாண்டி ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதிகளிலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் பெற்றோர் நிறைய. அந்த வீடுகளில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு புதுவகைச் செய்தி அடிபடுகிறது. "மும்பையில இன்டர்வியூ முடிஞ்சும் விசா வரலைன்னு பையன் அங்க கேஸ் போட்டான். இப்ப அந்தக் கேஸையே நிறுத்தி வச்சிருக்காங்களாம்." இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? சொல்கிறவருக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. நம் ஊர் அனுபவத்தில் கோர்ட்டில் ஒன்று நின்றால் அது நின்றதுதான். அமெரிக்காவில் அப்படி நிற்கும் வழக்குகளில் பல, விசா கைக்கு வந்து முடிகின்றன. வேறு பல, நின்ற இடத்திலேயே உரிமை காலாவதியாகி முடிகின்றன. ஒரே மாதிரி உத்தரவு எப்படி இந்த இரண்டு முடிவுகளையும் தருகிறது என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்திவைக்கும் உத்தரவில் ஒரு தேதியும், அந்தத் தேதிக்குள் அரசு செய்ய வேண்டிய ஒரு வேலையும் எழுதப்பட்டிருந்தால் அது நிவாரணம். எழுதப்படவில்லையென்றால், எந்தத் தாமதத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்களோ அதே தாமதத்துக்கு நீதிமன்ற முத்திரை கிடைத்துவிட்டது என்று பொருள்.

எந்த வரிசையில் நிற்கிறோம்?

தாமதம் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இரண்டு வரிசைகள் இருக்கின்றன. முதலாவது, எண்ணுக்கான வரிசை. அமெரிக்கச் சட்டம் ஆண்டுக்குக் குடும்ப முன்னுரிமைப் பிரிவுகளுக்குக் குறைந்தது 2,26,000, வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்குச் சுமார் 1,40,000 குடியேற்ற விசா எண்களை ஒதுக்குகிறது. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கூட்டுத்தொகையில் 7 சதவீதம்தான் வரம்பு. 140 கோடி மக்கள் உள்ள இந்தியாவுக்கும் சில லட்சம் பேர் உள்ள தீவு நாட்டுக்கும் அதே 7 சதவீதம். 2025 அக்டோபர் மாத விசா அறிக்கையில், மேற்படிப்புப் படித்தவர்களுக்கான இ.பி.-2 பிரிவில் இந்தியர்களின் முறை 2013-ஆம் ஆண்டு மனுக்களில்தான் இருந்தது. உடன்பிறந்தவர்களுக்கான எஃப்-4 பிரிவில் 2006-இல் இருந்தது. அண்ணன் மனுப் போட்டபோது பள்ளிக்கூடத்தில் படித்த தம்பி மகனுக்கு இன்று கல்யாணமே ஆகியிருக்கும். 2002-ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் 21 வயதைத் தாண்டும் பிள்ளைகளுக்கு ஓரளவு கை கொடுக்கிறது. மனு பரிசீலனையில் கிடந்த நாட்களை அது வயதிலிருந்து கழிக்கிறது. எண்ணுக்காகக் காத்திருந்த ஆண்டுகளைக் கழிப்பதில்லை.

இந்த முதல் வரிசைக்கு நீதிமன்றத்தில் மருந்து இல்லை. வரம்பு நாடாளுமன்றம் போட்டது, நீதிபதியால் அதைக் கூட்ட முடியாது. அமெரிக்காவிலேயே வேலை செய்துகொண்டு கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் இந்தியர்கள் இதைச் சற்று வேறு வழியில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு மாதம் முன்னேறிய தேதி, நிதியாண்டின் இடையில் திடீரெனப் பின்வாங்கும். கோப்பு முழுமையாகத் தயாராக இருந்தும், எண் இல்லை என்று சொல்லி அதை அப்படியே வைத்துவிடுவார்கள். இப்படி வைப்பது சட்டத்துக்குப் புறம்பு என்று அவர்கள் வாதிட்டார்கள். 2023 டிசம்பரில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2024-இல் எட்டாவது, ஐந்தாவது வட்டார நீதிமன்றங்கள், இந்தக் கேள்வியைக் கேட்கவே தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று கைவிரித்தன.

இரண்டாவது வரிசை வேறு. எண் கையில் வந்துவிட்டது, அல்லது எண்ணே தேவையில்லை. அமெரிக்கக் குடிமக்களின் கணவன், மனைவி, பெற்றோர், திருமணமாகாத இளம் பிள்ளைகள் ஆகியோருக்கு ஆண்டு வரம்பு கிடையாது. மனு ஒப்புதலாகி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் போர்ட்ஸ்மத்தில் உள்ள தேசிய விசா மையத்தில் ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு, இந்தியர்களுக்கு மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் நடக்கும். சென்னை ஜெமினி பாலத்தருகே தூதரகம் இருந்தும், திருச்சிக்காரர் குடியேற்ற விசாவுக்கு மும்பைக்குத்தான் போக வேண்டும். கொரோனாவுக்கு முன், 2019-இல், ஆவணங்கள் முடிந்து நேர்காணலுக்குக் காத்திருந்தவர்கள் உலகெங்கும் மாதச் சராசரியாகச் சுமார் 61 ஆயிரம் பேர். 2022 தொடக்கத்தில் அது 4 லட்சத்துக்கு மேல் இருந்தது. தூதரகங்கள் மூடிக்கிடந்தன என்பது ஒரு காரணம். 2020 ஏப்ரல் 23 முதல் 2021 பிப்ரவரி 24 வரை பல பிரிவுகளின் குடியேற்ற விசாவையே அதிபரின் பிரகடனம் ஒன்று தடுத்து வைத்திருந்தது என்பது இன்னொன்று.

நேர்காணல் முடிந்த பிறகும் முடிவு வராமல் போவதுண்டு. அதிகாரி 221(ஜி) என்ற பிரிவின் பெயரில் ஒரு தாளைக் கொடுப்பார். "கூடுதல் நிர்வாகப் பரிசீலனை" என்பார். அது ஆறு வாரமும் ஆகலாம், மூன்று ஆண்டும் ஆகலாம். இணையதளத்தில் நிலவரம் பார்த்தால் "மறுக்கப்பட்டது" என்று காட்டும், ஆனால் அது இறுதி மறுப்பு இல்லை என்றும் சொல்லுவார்கள். வழக்குகள் பிறப்பது இந்த இடத்தில்தான்.

கேட்கக் கூடியது எவ்வளவு?

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இப்படி வழக்குப் போட 405 டாலர் கட்டணம். வக்கீல் செலவு தனி, அதுதான் பெரிது. 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம், அரசு அலுவலகங்கள் நியாயமான காலத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்கிறது. நியாயமற்ற முறையில் தாமதமான செயலைச் செய்யச் சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. 1962-ஆம் ஆண்டின் மாண்டமஸ் சட்டம் இன்னொரு வழி. நம் உயர் நீதிமன்றங்களில் ரிட் மனுப் போடுவதற்கு நெருங்கிய உறவுதான் இது. ஆனால் "விசா கொடு" என்று கேட்க முடியாது. "ஏதாவது ஒரு முடிவை எடு" என்று மட்டுமே கேட்கலாம். முடிவு மறுப்பாக இருந்தாலும் வழக்கு அதோடு முடிந்தது. தூதரக அதிகாரியின் மறுப்பை நீதிமன்றம் பெரும்பாலும் மறுபரிசீலனை செய்யாது என்ற கோட்பாடு நூறாண்டுக்கும் மேல் பழையது. 2024 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் முனியோஸ் வழக்கில் அதை இன்னும் இறுக்கியது. வெளிநாட்டுக் கணவரைத் தன்னோடு வாழ அழைத்துவர ஓர் அமெரிக்கக் குடிமகளுக்கு அரசியல் சட்ட அடிப்படை உரிமை எதுவும் இல்லை என்பது அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு.

எவ்வளவு நாள் தாமதம் நியாயமற்றது? இதற்கு 1984-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொலைத்தொடர்பு வழக்கு ஒன்றில் வகுத்த ஆறு அளவுகோல்களைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். நாடாளுமன்றம் காலவரை சொல்லியிருக்கிறதா, மனித நலன் பாதிக்கப்படுகிறதா, ஒருவரை முன்னே தள்ளினால் பின்னால் நிற்பவர் பாதிக்கப்படுவாரா என்பவை அவற்றில் முக்கியமானவை. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில், குடியேற்றம் தொடர்பான விண்ணப்பங்கள் 180 நாட்களுக்குள் முடிக்கப்பட வேண்டும் என்பது நாடாளுமன்றத்தின் எண்ணம் என்று எழுதியிருக்கிறார்கள். எண்ணம்தான், கட்டளை இல்லை என்று அரசு வக்கீல்கள் ஒவ்வொரு வழக்கிலும் சொல்கிறார்கள். நீதிபதிகளும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். வரிசை தாண்டக் கூடாது என்ற வாதமும் அவர்களிடம் நன்றாகவே எடுபடுகிறது. எனக்கு அது அரைகுறை நியாயமாகவே படுகிறது. எந்த வரிசை, அதில் இவர் எத்தனையாவது என்று தூதரகம் ஒருபோதும் காட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வரிசையைத் தாண்டினார் என்று ஒருவர் மேல் எப்படிக் குற்றம் சொல்வது?

2024 ஜூலையில் நிலைமை மேலும் மோசமானது. 221(ஜி) தாளைக் கொடுத்துவிட்டாலே அதிகாரியின் கடமை முடிந்தது, பிறகு நடக்கும் கூடுதல் பரிசீலனையை விரைவுபடுத்தச் சொல்லி வழக்குப் போட முடியாது என்ற பொருளில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. முன்னுதாரணமாக அச்சிடப்படாத தீர்ப்புதான். எல்லா மாவட்ட நீதிமன்றங்களும் அதைப் பின்பற்றவும் இல்லை. ஆனாலும் தாமத வழக்குகளுக்கு அதுவரை பழகிப்போன தலைநகர நீதிமன்றம் அதன் பிறகு முன்போல் சாதகமான களமாக இல்லை.

நிறுத்தம் எப்படி வருகிறது?

வழக்குத் தாக்கலாகி அரசுக்கு நோட்டீஸ் போனால் பதில் தர அதற்கு 60 நாள் அவகாசம். இந்த 60 நாளில் பெரும்பாலும் ஒரு மாற்றம் நடக்கும். இதுவரை மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லாத அலுவலகம், அரசு வக்கீல் வழியாகக் கேள்வி போனதும் கோப்பைத் தேடி எடுக்கும். மறுபடி நேர்காணலுக்கு அழைக்கலாம், பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லலாம், பழைய மருத்துவப் பரிசோதனை காலாவதியாகிவிட்டது, புதிதாகச் செய்துவா என்று எழுதலாம். அப்போது அரசு வக்கீல் எதிர்த்தரப்பு வக்கீலிடம், "இரண்டு பேரும் சேர்ந்து வழக்கை நிறுத்திவைக்கக் கேட்போம், அதற்குள் வேலை முடியும்" என்பார். கூட்டு மனு போகும். நீதிபதி 60 அல்லது 90 நாட்களுக்கு வழக்கை நிறுத்தி, அதன் முடிவில் இரு தரப்பும் கூட்டாக நிலவர அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவிடுவார். இதுதான் நல்ல வகை. மனுதாரர் வாங்க விரும்பியது தீர்ப்பு அல்ல, விசா. அது இந்த இடைவெளியில் கிடைத்துவிட்டால் வழக்கைத் திரும்பப் பெறுவார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது வெற்றியாகப் பதிவாகாது. ஆனால் அம்மாவும் அப்பாவும் விமானம் ஏறிவிடுவார்கள்.

இன்னொரு வகையில், அரசு மட்டும் நிறுத்தச் சொல்லிக் கேட்கும். மேல் நீதிமன்றத்தில் இதே கேள்வி வேறொரு வழக்கில் நிலுவையில் இருக்கிறது, அது முடியட்டும் என்பது வழக்கமான காரணம். அரசுச் செலவினத்துக்கு ஒப்புதல் கிடைக்காமல் அலுவலகங்கள் மூடப்படும்போதும் கேட்பார்கள். 2018 டிசம்பர் முதல் 35 நாளும் 2025 அக்டோபர் முதல் 43 நாளும் அப்படி மூடிக்கிடந்தபோது, ஊதியம் இல்லாத அரசு வக்கீல்களால் ஆஜராக முடியாது என்று சிவில் வழக்குகளை நிறுத்தச் சொன்னார்கள். விசாப் பணியோ கட்டணத்தில் நடப்பது, அது தொடர்ந்தது. தூதரகம் திறந்திருக்க, அதைத் தட்டிக் கேட்கும் வழக்கு மட்டும் நின்றது.

இப்படி நிறுத்த நீதிபதிக்கு உள்ள அதிகாரத்தின் எல்லையை 1936-ஆம் ஆண்டின் லாண்டிஸ் வழக்கு சொல்கிறது. மின்சாரக் கம்பெனிகள் தொடர்பான புதுச் சட்டம் ஒன்றை எதிர்த்துப் பல ஊர்களில் வழக்குகள் குவிந்தன. வேறோர் ஊரில் நடக்கும் முதன்மை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் முடியும்வரை தன் முன்னாலுள்ளதை நிறுத்திவைத்தார் வாஷிங்டன் நீதிபதி. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோஸோ எழுதிய தீர்ப்பு, நிறுத்தும் அதிகாரத்தை ஒப்புக்கொண்டது. கூடவே இரண்டு கட்டுப்பாடுகளையும் வைத்தது. எதிர்த்தரப்புக்குக் கேடு வரக்கூடும் என்ற வாய்ப்பு இருந்தால்கூட, நிறுத்தக் கேட்பவர் தன் கஷ்டத்தைத் தெளிவாக நிரூபிக்க வேண்டும். உத்தரவு போடும்போதே, நிறுத்தம் எப்போது முடியும் என்பதற்கு முன்கூட்டியே சொல்லக் கூடிய ஒரு வரம்பு இருக்க வேண்டும். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கம்பெனிகளுக்காகச் சொல்லப்பட்டது இது. புத்தூரில் எழுபது வயதில் காத்திருக்கும் ஒரு தாய்க்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது. அவரது வழக்கில் கேடு என்பது வெறும் வாய்ப்பு அல்ல. மனுப் போட்ட மகனோ மகளோ இறந்துபோனால் மனுவும் தானாகவே ரத்தாகும், மனிதாபிமான அடிப்படையில் மீட்கச் சொல்லித் தனியே கெஞ்ச வேண்டும். பெற்றோர் இறந்தால் பேச்சே இல்லை.

நிறுத்தத்தின் விலை

நல்ல வகை நிறுத்தத்துக்கும் விலை உண்டு. குடியேற்ற விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை பொதுவாக ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். தூதரகம் ஏற்றுக்கொண்ட மருத்துவர்களிடம் மட்டுமே செய்ய முடியும். திருச்சிக்காரர் அதற்குச் சென்னை அல்லது மும்பை போக வேண்டும். போலீஸ் சான்றிதழும் புதுப்பிக்க வேண்டியிருந்தால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு மறுபடி நடை. முதல் நிறுத்தத்தில் செய்த பரிசோதனை இரண்டாவது நீட்டிப்பில் காலாவதியாகிவிட்டால், மூன்றாவது முறை ரத்தம் கொடுக்க வேண்டியது வயதானவர்தான்.

வக்கீல் செலவு பற்றிய ஒரு சட்டக் கோணமும் குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. அரசை எதிர்த்து வழக்கில் வென்றவர், அரசின் நிலைப்பாடு நியாயமற்றது என்றால், தன் வக்கீல் செலவை அரசிடம் கேட்க 1980-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இடம் தருகிறது. ஆனால் 2001-இல் பக்ஹானன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வழக்கின் அழுத்தத்தால் எதிர்த்தரப்பு தானாக இறங்கிவந்தது போதாது, நீதிமன்றத்தின் தீர்ப்போ உத்தரவோ இருந்தால்தான் வென்றவர். நிறுத்திவைத்த காலத்தில் விசா கொடுத்துவிட்டால் அரசு தோற்றதாகவே ஆகாது. செலவும் மகன் தலையில்தான். மூன்றாண்டு பேசாமல் இருந்துவிட்டு, வழக்கு வந்ததும் மூன்று மாதத்தில் முடித்துக்கொடுத்து, எந்தக் கண்டனமும் இன்றி ஒரு அலுவலகம் வெளியேற முடிகிறது. இதனால் எந்தப் பாடமும் பதிவாவதில்லை. அடுத்தவரின் கோப்பு அதே மேசையில் அப்படியே கிடக்கும். தனிமனிதருக்கு நிவாரணம் தரும் இந்த முறை, தாமதத்தைச் சரிசெய்யாமல் விட்டுவிடுகிறது என்பது என் பெரிய குறை.

கெட்ட வகை நிறுத்தம் என்ன செய்யும் என்பதற்கு, குலுக்கலில் தேர்வானவர்களுக்கு அமெரிக்கா தரும் லாட்டரி விசா ஓர் எடுத்துக்காட்டு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அது கிடையாது. இலங்கையில் பிறந்தவர்களுக்கு இருந்துவந்தது, ஆகவே ஈழத்தமிழர் பலரும் அதற்கு விண்ணப்பித்தவர்கள். அந்த விசாவை செப்டம்பர் 30 நள்ளிரவுக்குள் கொடுத்தாக வேண்டும், மறுநாள் நிதியாண்டு மாறினால் தகுதி போய்விடும். 2020, 2021 நிதியாண்டுகளில் கொரோனாவும் பிரகடனங்களும் பல ஆயிரம் பேரைத் தடுத்தன. மாவட்ட நீதிபதிகள் எண்களை ஒதுக்கிவைத்து, தேதி கடந்த பிறகும் பரிசீலிக்க உத்தரவிட்டார்கள். அரசு மேல்முறையீடு செய்தது. ஆண்டுகள் ஓடின. 2024 ஜூனில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், செப்டம்பர் 30 கடந்த பிறகு விசா கொடுக்கச் சொல்ல எந்த நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை என்று முடித்தது. கீழே வென்றவர்கள் காத்திருந்த காலத்தினாலேயே தோற்றார்கள்.

கனடாவில் கண்ட பாடம்

தமிழர்கள் அதிகம் குடியேறிய நாடு கனடா. அங்கே 2012-இல் நடந்தது, இந்தக் கேள்வியில் எனக்குத் தெரிந்தவற்றிலேயே கசப்பானது. திறன் பணியாளர் பிரிவில் 2008 பிப்ரவரி 27-க்கு முன் விண்ணப்பித்த லட்சக்கணக்கானோர் காத்துக் கிடந்தார்கள். டெல்லி, பெய்ஜிங், மணிலா தூதரகங்களில் மலைபோல் கோப்புகள். தாமதம் எப்போது சட்டவிரோதம் என்பதற்குக் கனடா கூட்டாட்சி நீதிமன்றம் 1990-களிலேயே ஒரு சோதனையை வகுத்திருந்தது: வேலையின் இயல்பு கேட்பதைவிட அதிக நாள் ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பதாரர் அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது, அரசிடம் திருப்தியான விளக்கம் இருக்கக் கூடாது. இதை நம்பி நூற்றுக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள்.

எல்லாவற்றையும் தனித்தனியே விசாரிக்க முடியாது என்பதால் முன்மாதிரியாக ஓரிரு வழக்குகள் எடுக்கப்பட்டன. மற்றவை நிறுத்திவைக்கப்பட்டன. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முன்மாதிரி வழக்கு ஒன்றில் 2012 ஜூன் 14 அன்று நீதிபதி டொனால்ட் ரென்னி, சீன விண்ணப்பதாரர் ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். தாமதம் நியாயமற்றது, முடிவெடு என்றார். நிறுத்திவைக்கப்பட்ட வழக்குக்காரர்கள் மகிழ்ந்திருப்பார்கள். அதற்குப் பதினைந்தாம் நாள், ஜூன் 29 அன்று, பட்ஜெட்டோடு சேர்த்துக் கொண்டுவரப்பட்ட சட்டம் ஒன்று அமலுக்கு வந்தது. 2012 மார்ச் 29-க்குள் தேர்வு முடிவு எடுக்கப்படாத அந்தப் பழைய விண்ணப்பங்கள் எல்லாம் ரத்து. விண்ணப்பதாரர்களும் குடும்பத்தாருமாகச் சுமார் 2,80,000 பேர். கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். ஆறேழு ஆண்டுகள் திரும்பக் கிடைக்கவில்லை.

ரத்தை எதிர்த்து மறுபடி வழக்கு. அதையும் விசாரித்தவர் அதே நீதிபதி ரென்னி. 2013-இல் அவர் சட்டம் செல்லும் என்றார். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. நிறுத்திவைக்கும் உத்தரவு ஒருவருடைய உரிமையை ஓரிடத்தில் பத்திரப்படுத்தி வைக்கிறது என்ற எண்ணம் தவறு என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. வழக்குதான் நிற்கிறது. சட்டம் மாறலாம், நிதியாண்டு முடியலாம், அரசின் கொள்கை திரும்பலாம். 2026 ஜனவரி 21 முதல் 75 நாட்டவருக்குக் குடியேற்ற விசா வழங்குவதை அமெரிக்கா நிறுத்திவைத்தது. நேர்காணலுக்குப் போகலாம், விசா கிடைக்காது. பாகிஸ்தானும் வங்கதேசமும் நேபாளமும் அந்தப் பட்டியலில் இருந்தன, இந்தியா இல்லை. அந்த நாட்களில் 90 நாள் நிறுத்தத்தின் நடுவில் இருந்த ஒரு வங்கதேசக் குடும்பத்துக்கு அந்த உத்தரவால் என்ன பயன் இருந்திருக்கும்?

நம் நீதிமன்றங்கள்

தேதி போட வேண்டும் என்ற என் வாதத்துக்கு இந்திய அனுபவத்தில் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. 2018-இல் ஏஷியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணைகளுக்கு விதிக்கப்படும் தடை, காரணம் சொல்லி நீட்டிக்கப்படாவிட்டால் ஆறு மாதத்தில் தானாகவே காலாவதியாகும் என்றது. எண்ணம் நல்லது. நடைமுறையில், பட்டியலில் வழக்கு வராததால் நீட்டிப்புக் கிடைக்காத மனுதாரர்கள், தங்கள் தவறு எதுவுமின்றிப் பாதுகாப்பை இழந்தார்கள். 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. இதை நான் மதிக்கிறேன். தேதி வந்ததும் உத்தரவு தானாகச் செத்துப்போக வேண்டும் என்பதல்ல நான் கேட்பது. அந்தத் தேதியில் அரசு நீதிபதி முன் வந்து, என்ன செய்தோம், என்ன செய்யவில்லை, ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நின்ற விசாரணை தொடர வேண்டும்.

காலக்கெடு மட்டும் போதாது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு முகாம். இலங்கையிலிருந்து வந்தவர்கள் பல ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள். அவர்களில் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்களும் உண்டு. 1964-இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் பேசியது இவர்களைப் போன்ற குடும்பங்களைப் பற்றித்தான். குடியுரிமை கேட்டுக் கொடுத்த மனுக்களுக்குப் பதிலே வராத நிலையில் 65 பேர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஜூன் 17 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் புதிதாக மனுக் கொடுக்க வேண்டும், அதன் மேல் ஒன்றிய அரசு 16 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றார். வாரக் கணக்கில் எழுதப்பட்ட, தெளிவான உத்தரவு. ஒன்றிய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை.

சற்று வித்தியாசமான வெற்றி 2022-இல் கிடைத்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்ற சட்டப் பிரிவை வைத்து, முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொன்னது மதுரைக் கிளை. அங்கே கேட்டது பரிசீலனையை அல்ல, சட்டம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஒன்றை. அதனால்தான் அது கைக்கு வந்தது. பரிசீலிக்கச் சொல்லிக் கேட்கும் எல்லா வழக்கிலும், மும்பையானாலும் டெல்லியானாலும், பந்து கடைசியில் அதிகாரியின் மேசைக்கே திரும்புகிறது.

கையெழுத்துக்கு முன்

ஆகவே அமெரிக்காவிலிருந்து "கேஸை நிறுத்தலாமான்னு கேக்கிறாங்க" என்று போன் வந்தால், வேண்டாம் என்று பதறவும் வேண்டாம், சரி என்று உடனே தலையாட்டவும் வேண்டாம். அரசின் பதில் மனு வரும்வரை, வழக்கை மனுதாரரே எந்த நிபந்தனையுமின்றித் திரும்பப் பெறவும் முடியும். அந்த உரிமை அவர் கையில் இருப்பதால் கூட்டு மனுவின் வாசகத்தைப் பேரம் பேச இடம் இருக்கிறது. தூதரகம் மறு நேர்காணலுக்கு எந்த வாரம் அழைக்கும் என்று மனுவில் எழுதியிருக்கிறதா? நிலவர அறிக்கை 30 நாளைக்கு ஒருமுறையா, 90 நாளைக்கு ஒருமுறையா? இரண்டாவது நீட்டிப்புக்கு மனுதாரரின் சம்மதம் தேவையா? விசா எண் பின்வாங்கக் கூடிய பிரிவாக இருந்தால், பின்வாங்கிய மறுநாளே விசாரணையைத் தொடரக் கேட்க வழி விட்டிருக்கிறதா? அரசு பதில் சொல்ல வேண்டிய 60 நாள் கணக்கு நிறுத்தத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்குமா, விட்ட இடத்திலிருந்தா? இவற்றுக்கு "அதெல்லாம் வழக்கமான மனுதான்" என்று ஒரு வக்கீல் பதில் சொன்னால் நான் திருப்தி அடைய மாட்டேன்.

சம்மதம் இல்லாமல் அரசு மட்டும் கேட்கும் நிறுத்தத்தை எதிர்க்கத்தான் வேண்டும். பெற்றோரின் வயது, நோய், மருத்துவமனைச் சீட்டு, பரிசோதனை காலாவதியாகும் நாள், பிள்ளைக்கு 21 வயது நிறையும் நாள் ஆகியவற்றைத் திருச்சியிலிருந்து பிரமாணப் பத்திரமாக எழுதி அனுப்பலாம். லாண்டிஸ் தீர்ப்பு கேட்கும் கேடு இதுதான், அதைக் காட்டும் பொறுப்பைக் குடும்பம் வக்கீலிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. பல கோப்புகளில் வயதும் நோயும் ஒரு வரியில் கடந்துபோகின்றன.

நிறுத்தம் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு பெரும்பாலோர் செய்யும் அவசரம் ஒன்று உண்டு. எப்படியும் அழைப்பார்கள் என்று உடனே சென்னைக்குப் போய்ப் புது மருத்துவப் பரிசோதனை செய்துவிடுகிறார்கள். தூதரகம் எழுத்தில் கேட்கும்வரை அதைச் செய்யாமல் இருப்பது நல்லது. ஆறு மாதக் கணக்கு மருத்துவர் கையெழுத்திட்ட அன்றே ஓடத் தொடங்கிவிடும்.